கிச்சாப்பின் பல்லும் நான் அனுப்பிய குரல் பதிவும்

ஸ்கூடாயில் இருக்கும் ஒரு மிருக மருத்துவரைப் பற்றிய குரல் பதிவு உங்களுக்கும் வந்திருக்கலாம். "பல்லு சுத்தம் பண்ணக் கொடுத்த நாய ரத்தம் கக்க வெச்சிட்டாங்க" என்று ஒரு பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இரண்டரை நிமிடம் பேசுவாள். அந்தப் பெண் நான்தான். எங்கள் தாமான் குடியிருப்புப் பெண்களின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் போட்டது பொந்தியான், ரெங்கம், சாஆ ஊர்கள் வரைக்கும் போனதாகக் கேள்வி. அதில் நான் சொன்னது உண்மையில்லை. உண்மையில்லை என்று தெரியாமல்தான் சொன்னேன். ஆனால் அது தெரிந்த ஒருவர், நான் பேசி முடிக்கும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் பாலர்பள்ளி ஆசிரியை. பேசினால் குரல் தானாக உயர்ந்துவிடும், எழுதினால் கொஞ்சம் நிதானம் வரும்.

கிச்சாப் எங்கள் நாய். ஒன்பது வயது. கிச்சாப் என்கிற சோயா சாறு மாதிரி கறுப்பாக, பளபளப்பாக இருப்பான், அதனால் அந்தப் பெயர். பெக்கான் நானாஸ் சந்தைக்குப் பின்னால் அட்டைப்பெட்டியில் கிடந்தவனை இவர்தான் மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு வந்தார். இவர் என்றால் என் கணவர் அருளப்பன். சிங்கப்பூரில், துவாஸில் ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிறார். நாலு மணிக்கே எழுந்து, தானே ஏதோ குடித்துவிட்டு, பாலம் தாண்டி வேலைக்குப் போகிற கூட்டத்தில் ஒருவர். நான் ஆறு மணிக்குத்தான் எழுவேன். அந்த இரண்டு மணி நேரத்தில் என் வீட்டுச் சமையலறையில் என்ன நடக்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் கிச்சாப்பின் வாய் நாற ஆரம்பித்தது. முதலில் கேலி செய்தோம். பிறகு எலும்பை ஒரே பக்கமாக வைத்துக் கடித்தான். பிறகு கடிக்காமலே விட்டுவிட்டான். ஒருநாள் அவன் படுக்கும் துண்டில் ரத்தத் திட்டைப் பார்த்ததும் எனக்குக் கேலி எல்லாம் போய்விட்டது.

டாக்டர் சியூ சின்னப் பெண், முப்பது வயதுதான் இருக்கும். டயர் கடைக்குப் பக்கத்தில், இரண்டு கடைவீடுகளைச் சேர்த்துக் கட்டிய கிளினிக். மலாயும் ஆங்கிலமும் கலந்து மெதுவாகப் பேசுவார். கிச்சாப்பின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். கடைவாய்ப் பற்கள் முழுக்க மஞ்சளும் பழுப்புமாக, சிமெண்டு பூசியது மாதிரி இருந்தது. அதற்குப் பற்காரை என்று பெயர். பல்லில் ஒட்டிய உணவும் கிருமியும் சேர்ந்து கெட்டியாகிப்போவது. வெளியே தெரிவது பாதிதான், ஈறுக்குக் கீழே இருக்கும் மீதிதான் வேரை அரிக்கிறது என்றார். மனிதர்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள், நாய் உட்காராது. ஆகவே முழு மயக்கம் கொடுத்துத்தான் சுரண்ட வேண்டும், ஆடுகிற பல்லைப் பிடுங்க வேண்டும்.

"இனிப்பா, மாவுப் பண்டமா ஏதாவது கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார். பல்லில் ஒட்டிக்கொள்ளும் பண்டம் எதுவும் கூடாதாம். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று நான் பெருமையாகச் சொன்னேன். கோழியும் சோறும்தான், உப்புகூடப் போடுவதில்லை. இவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

ரத்தப் பரிசோதனை செய்தார்கள். இதயமும் சிறுநீரகமும் மயக்க மருந்தைத் தாங்குமா என்று பார்க்க. தாங்கும் என்று வந்தது. மூன்று வாரம் கழித்துத்தான் நாள் கிடைத்தது. போகும்போது டாக்டர் ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொன்னார். முதல் நாள் இரவு எட்டு மணிக்கு மேல் வாயில் எதுவும் படக்கூடாது. மயக்கத்தில் தொண்டையின் காவல் தூங்கிப்போகும், வயிற்றில் ஏதாவது இருந்தால் மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும், அது உயிருக்கே ஆபத்து.

நான் சும்மா இருப்பேனா? சிவப்பு மார்க்கரில், பாலர்பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதுகிற அளவில், "கிச்சாப்புக்கு எதுவும் கொடுக்கக் கூடாது" என்று எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினேன். "எதுவும்" என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. சோற்றுக் கிண்ணத்தைக் கழுவி மேல் அலமாரியில் ஏற்றினேன். இவர் அன்றைக்கு விடுப்பு எடுத்திருந்தார். "பாத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். "பாத்துட்டேன்லா, கண்ணு தெரியாதா எனக்கு?" என்றார்.

காலை ஒன்பது மணிக்கு கிளினிக் போய்விட்டோம். கையெழுத்துப் போடும் படிவத்தில் கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று ஒரு கட்டம் இருந்தது. நேற்றிரவு ஏழரை என்று எழுதினேன். டாக்டர் அதைப் படித்துவிட்டு வாய்விட்டும் கேட்டார், அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லையே என்று. நான் இல்லை என்றேன். இவரையும் பார்த்தார்.

"தாக் அடா, டாக்டர்" என்றார் இவர். எதுவும் இல்லை என்று.

காத்திருக்கும் இடத்தில் ஆறு நாற்காலிகள், ஒரு மீன் தொட்டி. கூண்டுக்குள் ஒரு பூனை இடைவிடாமல் திட்டிக்கொண்டிருந்தது. இவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. டயர் கடைப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார். பாசத்தில் தவிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே கருவி சுரண்டுகிற மெல்லிய சத்தம் கேட்டது. நான் ஜெபமாலையைப் பைக்குள்ளேயே வைத்து உருட்டினேன், நாய்க்காக ஜெபிக்கிறாளா என்று யாரும் பார்க்க வேண்டாம் என்று.

பன்னிரண்டு மணிக்கு டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்தார். சுத்தம் முடிந்தது, மூன்று பற்களை எடுத்தாயிற்று, எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கிறது. மூச்சுக்குழாயில் வைத்திருந்த ரப்பர் குழாயை எடுத்து, கிச்சாப் கண்விழிக்கும் நேரத்தில் வாந்தி எடுத்திருக்கிறான். நிறைய வந்திருக்கிறது. கொஞ்சம் நுரையீரலுக்குள் போய்விட்டது. மூச்சு வாங்குகிறது, ஆக்சிஜன் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம் என்றார். அப்புறம் மறுபடியும் கேட்டார். "நிச்சயமா அவன் எதுவும் சாப்பிடவில்லையா?"

"எத்தன தடவ கேப்பீங்க? நாங்க என்ன பொய் சொல்ற ஆளுங்களா?" தமிழிலேயே கத்திவிட்டேன். கவுண்டரில் இருந்த காயத்திரி அதை மலாயில் மென்மையாக்கிச் சொன்னாள். காயத்திரி அங்கே பத்து வருடமாக வேலை செய்கிற உதவியாளர்.

டாக்டர் அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு விளக்கினார். வாந்தி கரும்பழுப்பாக, பொடிப்பொடியாக, கோப்பித்தூள் மாதிரி இருந்ததாம். வயிற்றுக்குள் புண்ணிலிருந்து கசியும் ரத்தம் அமிலத்தில் பட்டுக் கறுத்து அப்படித்தான் வெளியே வருமாம். மனித மருத்துவத்திலும் அதைக் கோப்பித்தூள் வாந்தி என்றே சொல்வார்களாம். அவன் எதுவும் சாப்பிடவில்லை என்றால் அது ரத்தமாகத்தான் இருக்க வேண்டும். ஏற்கெனவே வயிற்றில் புண் இருந்து, வலிக்காகப் போட்ட ஊசி அதைக் கிளறியிருக்கலாம். ஆகவே அந்த ஊசியை நிறுத்துகிறேன், வயிற்றைக் கெடுக்காத லேசான மருந்துதான் இனி கொடுக்க முடியும், பல் பிடுங்கிய இடம் வலிக்கத்தான் செய்யும் என்றார்.

கோப்பித்தூள் மாதிரி. அந்த வார்த்தையை இவர் என் பக்கத்தில் நின்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டார். அழுகிறார் என்று நினைத்து நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த இரண்டு நாளும் காலை முதல் மாலை வரை அங்கேதான் கிடந்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் கிச்சாப் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மூச்சு விட்டான். படுத்தால் மூச்சு முட்டும், அதனால் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவான். மூன்று மணிக்கொரு தடவை காயத்திரி அவன் விலாவை உள்ளங்கையைக் குவித்துத் தட்டுவாள், சளி கழன்று வர. ஒவ்வொரு தட்டுக்கும் முனகுவான். வாய் வீங்கி, எச்சில் ஒழுகி, தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினான். முனகல் நிற்கவே இல்லை. சத்தமாகக்கூட இல்லை, கதவுக் கீல் உராய்கிற மாதிரி. கண்ணாடி வழியாக அது கேட்கும்.

"வலிக்கு இன்னும் கொஞ்சம் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்பேன். "வயிற்றில் ரத்தம் இருக்கும்போது முடியாது, டீச்சர்" என்பார் டாக்டர்.

இந்த இரண்டு நாளில் இவர் என்னைப் பார்த்துக்கொண்டதைச் சொல்ல வேண்டும். அவசர விடுப்பு எடுத்தார். நான் எழுவதற்குள் துணி துவைத்துக் காயப்போட்டிருந்தார். நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு வாங்கி, எனக்குப் பிடிக்காத நெத்திலியைத் தனியாகப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுத்தார். வீட்டில் கால் வலிக்கிறது என்றபோது தைலம் தேய்த்தார். கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருடத்தில் இப்படி ஒரு கவனிப்பை நான் பார்த்ததில்லை. இந்தக் கஷ்டத்திலும் ஆண்டவர் எனக்கு ஒரு நல்ல மனுஷனைக் காட்டுகிறார் என்று மகளிடம் தொலைபேசியில் சொன்னேன். அதைச் சொன்னதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

இரண்டாம் நாள் மதியம் டாக்டர் வந்து, ஆக்சிஜனுக்கும் தங்கும் நாட்களுக்கும் பணம் வேண்டாம் என்றார். என் கையில் இருக்கும்போது ஆனது, அதனால் என்றார். எனக்குப் பொறி தட்டியது. தப்பு இல்லாதவள் ஏன் பணம் வேண்டாம் என்பாள்? ஊசி போட்டு வயிற்றைக் கெடுத்தது இவள்தான். வாசலில் இருந்த பெஞ்சியில் உட்கார்ந்து அந்தக் குரல் பதிவைப் போட்டேன். கிளினிக் பெயர், டாக்டர் பெயர், டயர் கடை அடையாளம் எல்லாம் சொன்னேன். சாப்பாடு கொடுத்தீங்களா என்று எங்கள் மேலேயே பழி போடப் பார்த்தார்கள் என்றும் சொன்னேன். இவர் முதுகைத் தடவினார். "போதும் ஜெசி, அனுப்பாத" என்று ஒரு தடவை சொன்னார்தான். ஏன் அனுப்பக் கூடாது என்று கேட்டேன். இவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து என்னிடம் நீட்டினார். அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை எக்ஸ்ரேயில் நுரையீரல் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஆனால் கிச்சாப் எழுந்து நிற்கவில்லை. மூன்று நாளாக ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். முனகல் குறையாததால் வயிற்றுப் புண் பெரிதாகிறதோ என்று பயப்படுகிறேன் என்றார். புண் ஓட்டையானால் ஒரு நாளில் உயிர் போய்விடும். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, வாய் வழியாகச் சின்னக் கேமராவை விட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு மறுபடியும் மயக்க மருந்து. இந்த நுரையீரலோடு மயக்கம் கொடுத்தால் அவன் கண்விழிக்காமலே போகலாம், பாதிக்குப் பாதி என்றார். பார்த்தாலும் ஆபத்து, பார்க்காவிட்டாலும் ஆபத்து. முடிவு நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்று படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

பேனாவை எடுத்தேன். கையெழுத்தில் முதல் எழுத்தைப் போட்டிருப்பேன்.

"டாக்டர்" என்றார் இவர். "இத்து புக்கான் டாரா. கோப்பி."

அது ரத்தமில்லை, கோப்பி. எனக்கும் டாக்டருக்கும் அது உடனே விளங்கவில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

"என்னாங்க சொல்றீங்க?"

"காலைல கொடுத்தேன். நீ குளிச்சிக்கிட்டு இருந்தப்ப. ஏழரைக்கு. உப்பு ரொட்டி நாலு, கோப்பில நனைச்சி. கடைசி மண்டியும் ஊத்திட்டேன்." இவர் குடிப்பது வடிகட்டாத கம்பத்துக் கோப்பி, கிராமத்து வகை. இனிப்புப் பால் டின்னிலிருந்து இரண்டு கரண்டி விட்டுக் கலக்குவார், அடியில் தூள் நிற்கும். "தெனமும் குடிக்கிறதுதான் ஜெசி. ஒம்போது வருஷமா நாலு மணிக்கு நானும் அவனும்தான். அன்னிக்கு லீவுன்னு லேட்டா கலக்குனேன். என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். நான் மட்டும் எப்படிக் குடிக்கிறது?"

ஒன்பது வருடம். பல்லில் ஒட்டுகிற மாவு, டின் பால். நான் உப்பில்லாமல் சோறு வேகவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டர் கத்தவில்லை. படிவத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். காயத்திரியைக் கூப்பிட்டு, நிறுத்தி வைத்திருந்த வலி ஊசியின் பெயரைச் சொல்லி, உடனே போடு என்றார். காயத்திரி ஓடினாள். டாக்டர் எழுந்து கை கழுவும் தொட்டிக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "மூன்று நாளாக நான் தூங்கவில்லை" என்றார் ஆங்கிலத்தில். "அந்த ஊசியின் அளவை எத்தனை தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன் தெரியுமா? என் கைதான் தப்புச் செய்தது என்று நினைத்தேன்." இவர் "சாரி டாக்டர்" என்றார்.

ஊசி போட்ட அரை மணி நேரத்தில் முனகல் நின்றது. மூன்று நாளில் முதல் தடவையாகக் கிச்சாப் பக்கவாட்டில் சாய்ந்து, கால்களை நீட்டித் தூங்கினான். மூன்று மணிக்கு எழுந்து, காயத்திரி விரலில் எடுத்துக் காட்டிய கோழிக் கூழை நக்கினான். வயிற்றில் புண்ணே இல்லை. பல் பிடுங்கிய வலியில்தான் கிடந்திருக்கிறான். அந்த வலிக்கு மருந்து பத்தடி தள்ளி ஒரு அலமாரியில் இருந்திருக்கிறது.

"கோப்பி வாசம் எனக்கு அடிச்சிச்சு டீச்சர்" என்றாள் காயத்திரி. "மேசைல இருந்த என் கப்புன்னு நெனச்சிட்டேன்." அவள் அதற்கும் வருத்தப்பட்டாள். நான் அனுப்பிய குரல் பதிவைச் சாஆவில் இருக்கும் அவள் சித்தி முந்தின நாளே அவளுக்கு அனுப்பியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டுத்தான் அன்று மாலை முழுக்க என் நாயின் விலாவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு பேர் தங்கள் நாய்களுக்கு வாங்கியிருந்த தேதியை ரத்து செய்துவிட்டார்கள் என்பதையும் நான் கேட்டபிறகுதான் சொன்னாள்.

டாக்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். நின்றுகொண்டுதான் கேட்டேன், உட்காரச் சொன்னார், உட்கார முடியவில்லை. "நீங்கள் தெரியாமல் பேசினீர்கள்" என்று மட்டும் சொன்னார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. அது எனக்கு நியாயமாகவே பட்டது. பணத்தை முழுக்கக் கட்டிவிட்டு வந்தேன்.

கார் நிறுத்தும் இடத்தில் இவரைக் கேட்டேன். "ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொல்லிருந்தா திருப்பி அனுப்பிருப்பாங்க. இன்னும் மூணு வாரம் நிக்கணும். நீ அங்கயே கத்துவ."

"சரி, கத்திருப்பேன். அப்புறம் வாந்தி எடுத்தப்ப?"

"அப்ப இன்னும் பயம் ஜாஸ்தியாப் போச்சு. நாள் போகப் போக எப்படிச் சொல்றதுன்னு..."

நான் கத்துகிறவள்தான். அதை மறுக்கவில்லை. இருபத்தெட்டு வருடமாகக் கத்தியிருக்கிறேன், நாற்காலியில் போட்ட ஈரத் துண்டுக்கும், மூடாத கேட்டுக்கும். ஆனால் என் கத்தலுக்குப் பயந்து ஒரு உயிரைப் பணயம் வைக்கிற அளவுக்கு நான் என்ன பேயா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அன்று மாலையே இரண்டாவது குரல் பதிவு போடுவது என்று முடிவெடுத்தேன். "நீங்களே பேசுங்க, கொடுத்தது நீங்கதானே" என்று கைப்பேசியை நீட்டினேன். கையில் வாங்கி, உதட்டருகே கொண்டுபோய், திருப்பிக் கொடுத்துவிட்டார். "நீயே சொல்லிடு ஜெசி, நீ நல்லா பேசுவ." நானே பேசினேன். ஏழு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருத்தியாவது அதை வெளியே அனுப்பினாளா என்று தெரியாது. முதல் பதிவு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரம் ரெங்கத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டு, அந்த டாக்டர் மேல் புகார் கொடுத்தீங்களா என்று விசாரித்தார். அதனால்தான் இப்படி உட்கார்ந்து எழுதுகிறேன். இதையும் அனுப்புங்கள். அந்த டாக்டர் நல்ல டாக்டர்.

ஐந்தாம் நாள் கிச்சாப் வீட்டுக்கு வந்தான். மூன்று பல் குறைவு, மீதிப் பல்லெல்லாம் குட்டியாக இருந்தபோது இருந்த வெள்ளை. இருமல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். நாங்கள் பேசிக்கொள்கிறோம். அரிசி தீர்ந்தது, மோட்டாருக்கு டயர் மாற்ற வேண்டும், இந்த மாதிரி.

நேற்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டார், "இன்னும் அந்தக் கோப்பிக்குத்தான் கோவமா?"

"கோப்பிக்கு இல்ல" என்றேன். கத்தவில்லை, என் குரலே எனக்கு அந்நியமாகத்தான் இருந்தது. "கோப்பி பாசத்துல கொடுத்தீங்க, அத விடுங்க. மூணு நாளு அவன் அழுதான். அது ஏன்னு உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்த சொன்னா அந்த வலி நிக்கும்னும் தெரியும். தெரிஞ்சிக்கிட்டே என் பக்கத்துல உக்காந்து அதக் கேட்டீங்க. கேட்டுக்கிட்டே எனக்கு நெத்திலி பொறுக்கிக் கொடுத்தீங்க."

இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேசைக்கு அடியில் கிச்சாப் இவர் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தான். வாலை ஆட்டினான். மூன்று நாள் தனக்கு ஏன் அப்படி வலித்தது என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.